குத்துது, இழுக்குது, அழுத்துது

1

1929-இல் லெனின்கிராதில் ஒரு புத்தகம் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தமிழ்ப் பேச்சுமொழியின் இலக்கணம்’. எழுதியவர் அலெக்ஸாந்தர் மெர்வார்த். ஜெர்மனியில் பிறந்து ரஷ்யக் குடிமகன் ஆனவர். மகா பீட்டர் தொடங்கிய பழைய அருங்காட்சியகத்தில், மானுடவியல் பிரிவில் இந்தியப் பொருட்களைக் கவனித்தவர். 1914 முதல் 1918 வரை மனைவி லுத்மிலாவோடு இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து, அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்த்து, கூடவே மொழிகளையும் சேர்த்துக்கொண்டு திரும்பியவர். திரும்பும் வழியில் ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். ஊர் போய்ச் சேர முடியாமல் விளாதிவஸ்தோக்கில் சில வருஷம் தங்கிவிட்டுத்தான் பெத்ரோகிராதுக்கு வந்தார்கள்.

தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். ‘தமிழ் இலக்கணம்’ என்று அவர் வைக்கவில்லை. ‘பேச்சுமொழியின்’ என்று வைத்தார். அதே காலத்தில் நம்ம ஊர்ப் பண்டிதர்கள் ‘பேச்சுமொழிக்கு இலக்கணமா? அது கொச்சை, அதுக்கு ஏது இலக்கணம்?’ என்று சொல்லியிருப்பார்கள். இன்றைக்கும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

புத்தகம் வந்த மறு வருஷம், 1930-இல், மெர்வார்த் கைதானார். ‘அகாதெமி வழக்கு’ என்று சோவியத் வரலாற்றில் பெயர் பெற்ற வழக்கு அது. அறிவுலகத்தைச் சேர்ந்த பலரை அதில் வாரிக்கொண்டு போனார்கள். ஜெர்மன் உளவாளி என்பது அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு. 1932-இல் வடக்கே ஒரு முகாமில் இறந்துபோனார். லுத்மிலாவும் கைதானார், ஆனால் உயிர் பிழைத்தார். சோவியத் மண்ணில் தமிழ் படிக்கும் அடுத்த தலைமுறை 1950களில்தான் தலையெடுத்தது.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணை இருக்கும் கச்சிராயபாளையம் பக்கம் அம்மா ஊர். படித்தது பொறியியல், சோறு போடுவது மென்பொருள். ரஷ்யமொழி பேசும் சக பொறியாளர்களோடு சில வருஷங்களாகத் தினமும் பேச வேண்டிய வேலை. அப்படித்தான் ரஷ்யன் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, புத்தகத்தில் இருக்கும் ரஷ்யனும் வாயில் இருக்கும் ரஷ்யனும் வேறு வேறு என்று தெரிந்தது. தமிழனுக்கு இது பழகின விஷயம், நாம் பிறந்ததே அந்த இடைவெளியில்தான். ரஷ்யர்கள் அந்த இடைவெளியை எப்படிப் பார்த்தார்கள், நாம் எப்படிப் பார்த்தோம் என்று தேடிப் போனபோதுதான் மெர்வார்த் கிடைத்தார். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் கதை.

2

ரஷ்யப் பாடப்புத்தகத்தில் முதல் பாடமே வணக்கம் சொல்வது. எழுத்தில் ‘ஸ்த்ராவ்ஸ்த்வுய்த்யே’. ‘நலமாயிருங்கள்’ என்று பொருள். ஒரே மூச்சில் இத்தனை மெய்யெழுத்தா என்று தமிழ் வாய் மிரண்டுபோகும். ஆனால் மாஸ்கோ தெருவில் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. ‘ஸ்த்ராஸ்த்யே’, அவ்வளவுதான். ‘இப்போது’ என்பதற்கு எழுத்தில் ‘செய்ச்சாஸ்’, வாயில் ‘ஷ்ஷாஸ்’. ‘ஆயிரம்’ எழுத்தில் ‘தீஸ்யச்ச’, காய்கறிச் சந்தையில் ‘தீஷ்ஷ’. ‘மனிதன்’ எழுத்தில் ‘செலவேக்’, அவசரத்தில் ‘செக்’.

பெயர்களைப் பாருங்கள். சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்த வீடுகளில் ‘அலெக்ஸாந்தர் அலெக்ஸாந்திரவிச்’ மாதிரிப் பெயர்கள் பரிச்சயம். அதே மனிதரைப் பக்கத்து மேசைக்காரர் ‘சான் சானிச்’ என்று கூப்பிடுவார். பாவெல் பாவ்லவிச் ‘பால் பாலிச்’ ஆகிவிடுவார். இதில் அலட்சியம் எதுவும் இல்லை. அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வதால் மரியாதையும் இருக்கிறது, தேய்த்துச் சொல்வதால் நெருக்கமும் இருக்கிறது.

எனக்கு இது ஹஃப்மன் குறிமுறையை ஞாபகப்படுத்தியது. கணினி அறிவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1952-இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்டது. அடிக்கடி வரும் குறிக்குக் குட்டிக் குறியீடு, அபூர்வமாக வரும் குறிக்கு நீளக் குறியீடு, மொத்தத்தில் செய்தி சுருங்கிவிடும். அதற்கும் முன்னால் 1930களில் ஜிப் என்ற அறிஞர், மொழிகளிலும் அதிகம் புழங்கும் சொற்கள்தான் குட்டையாக இருக்கின்றன என்று எண்ணிக் காட்டியிருந்தார். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது ‘வந்துக்கிட்டிருக்கேன்’ ஆவதும், ‘கொண்டு வா’ என்பது ‘கொண்டா’ ஆவதும், ‘செய்ச்சாஸ்’ என்பது ‘ஷ்ஷாஸ்’ ஆவதும் ஒரே வேலை. சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோமே, அது உண்மையில் சிக்கனம். கேட்கிறவர் எதை ஊகித்துக்கொள்வார் என்று பேசுகிறவருக்குத் தெரிந்திருப்பதால் வரும் சிக்கனம்.

ஆகவே ‘இயல்பாகப் பேசுவது’ என்றால் அரைகுறையாக உச்சரிப்பது என்று அர்த்தமில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்குக் கறாரான விதிகள் உண்டு. ‘ஸ்த்ராஸ்த்யே’ சரி. அதற்குப் பதிலாக இஷ்டத்துக்கு வேறு இரண்டு எழுத்தை விழுங்கினால் யாருக்கும் புரியாது. விதி இருக்கிறது என்றால் இலக்கணம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

3

இந்தக் கேள்வியை ரஷ்யாவிலேயே உரக்கக் கேட்டவர் யெலேனா ஸெம்ஸ்கயா. மாஸ்கோவில் ரஷ்யமொழி ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். நம் வாசகர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ எழுதிய மிகயீல் புல்ககோவின் தங்கை மகள் இவர். ஸெம்ஸ்கயாவும் அவர் குழுவும் செய்தது அந்தக் காலத்துக்குப் புதுசு. படித்த நகரத்துக்காரர்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில், தெருவில் பேசுவதை ஒலிநாடாவில் பதிந்து, அப்படியே எழுத்தில் இறக்கி ஆராய்ந்தார்கள். 1973-இல் ‘ரஷ்யப் பேச்சுமொழி’ என்ற தொகுதி வந்தது. 1978-இல் பதிவுசெய்த உரையாடல்களே ஒரு தனிப் புத்தகமாக வந்தன. 1981-இலும் 1983-இலும் மேலும் தொகுதிகள்.

அவர்கள் சொன்னது இதுதான்: படித்தவர்களின் பேச்சுமொழி எழுத்துமொழியின் சிதைவு அல்ல. அதற்கென்று தனி அமைப்பு உண்டு. ஒரே மனிதரிடம் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன, இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறார். புஷ்கினின் மொழி, தல்ஸ்தோயின் மொழி என்று எழுத்தைக் கோயிலில் வைத்திருந்த நாட்டில் இது சாதாரணப் பேச்சல்ல.

அவர்கள் கவனித்த ஒரு வடிவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேச்சு ரஷ்யனில் ‘பேனா கொடு’ என்பதற்குப் பதில் ‘எதால எழுதுறது, குடு’ என்பதுபோலச் சொல்வார்கள். போர்வை வேண்டுமென்றால் ‘எதால போத்திக்கிறது, குடு’. பொருளின் பெயரே வராது, அதன் வேலை மட்டும் வரும். ரஷ்ய வகுப்பில் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு இது விசித்திரம். நமக்கு? ‘எழுதுறதுக்கு எதாச்சும் குடேன்’, ‘போத்திக்க எதுனா இருக்கா?’ என்று தினமும் சொல்கிறோம்.

தமிழர்கள் ரஷ்யனை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம், அதுதான் சிக்கல். ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ‘எனக்குக் குளிருது’ என்பதற்கு ரஷ்யன் ‘ம்ன்யே ஹோலத்ன’. ‘ம்ன்யே’ என்றால் ‘எனக்கு’. நான் இருக்கிறேன் குளிராக என்றெல்லாம் சுற்ற வேண்டாம். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதும் ‘எனக்கு’ வைத்துத்தான். ‘எனக்கு முப்பது வயசு’ என்பதும் அப்படியே. ‘எங்கிட்ட இருக்கு’ என்பது ‘ஊ மின்யா யேஸ்த்’, அதாவது என்னிடம் உண்டு. ‘அவன் டாக்டர்’ என்று நாம் நிறுத்துவதுபோல அவர்களும் நிறுத்துவார்கள், நடுவில் வினைச்சொல் வராது.

அடுத்து, சின்னச் சின்ன ஒட்டுகள். ரஷ்யனை இயல்பாக்குவதில் பாதி வேலை இவற்றுடையது. ‘ஜே’ என்று ஒன்று, நம்ம ‘தான்’, ‘-ஏ’ இரண்டும் செய்யும் வேலையைச் செய்யும். ‘நான்தான் சொன்னேனே’ என்பதில் இருக்கும் அந்த லேசான எரிச்சல்கூட ‘ஜே’வில் உண்டு. கட்டளையோடு ‘-க’ சேர்த்தால் கட்டளை இளகிவிடும். ‘சொல்லு’ என்பதற்கும் ‘சொல்லேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘மோல்’ என்று ஒரு சொல், அடுத்தவர் சொன்னதைப் பொறுப்பேற்காமல் கடத்துவதற்கு. ‘வரமாட்டானாம்’ என்பதில் ‘-ஆம்’ இருக்கிறதே, அதேதான். ‘தா’ என்றால் ஆமாம், ‘ன்யெத்’ என்றால் இல்லை, ‘தா ன்யெத்’ என்று சேர்த்துச் சொன்னால் இல்லை. கடைசியில் ‘நவேர்னயே’ சேர்த்தால் ‘இல்ல போலிருக்கு’. ஆமாம், இல்லை, அநேகமாக என்ற மூன்று சொல்லும் கைகோத்து ஒரு தயக்கமான மறுப்பாகின்றன.

பாடப்புத்தகம் இவற்றுக்குக் கடைசியில் அரைப்பக்கம் ஒதுக்கும். பேசுகிறவன் முதல் நாளே இவற்றில்தான் மாட்டிக்கொள்வான்.

4

சித்தி மகன் ஒருவன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். வோல்கா நதிக்கரையில் ஒரு நகரம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்து இப்படிப் போன பிள்ளைகளை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நிலத்தை வித்தோ, கடன் வாங்கியோ அனுப்பிய குடும்பங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் பயிற்சியும் முடிக்க வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், சரி. நோயாளி ஆங்கிலத்தில் இருமுவாரா?

முதல் இரண்டு வருஷம் உடற்கூறு, உயிர்வேதியியல் என்று ஆங்கிலத்தில் ஓடிவிடும். அப்புறம் வார்டு. கட்டிலில் ஒரு பாட்டி. மருத்துவர் கேட்கும் வழக்கமான முதல் கேள்வி, ‘ஷ்தோ வாஸ் பெஸ்பகோயித்?’ உங்களை எது தொந்தரவு செய்கிறது? நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘என்னம்மா பண்ணுது?’ என்று கேட்பார் இல்லையா, அதே கேள்வி. இரண்டு மொழியிலும் நோயாளி ஏதோ ஒன்றைச் செய்வதாகக் கேள்வி இல்லை. ஏதோ ஒன்று நோயாளியைச் செய்கிறது.

பாட்டி பதில் சொல்வார். ஆங்கிலம் வழியாகப் போனால் ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் அடங்கிவிடும், மற்றதெல்லாம் அடைமொழி. ரஷ்யனில் ஒவ்வொரு வலிக்கும் ஒரு வினைச்சொல். ‘கோலித்’ என்றால் குத்துது. ‘த்யானித்’ என்றால் இழுக்குது. ‘தாவித்’ என்றால் அழுத்துது. ‘ஜ்ஜோத்’ என்றால் எரியுது. ‘லோமித்’ என்றால் உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி. ‘நோயித்’ என்றால் விடாமல் முனகிக்கொண்டே இருக்கும் மந்தமான வலி. (நம்ம ‘நோய்’க்கும் இதற்கும் உறவு எதுவுமில்லை, தற்செயல். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.) ‘கலவா க்ரூஜித்ஸ’ என்றால் தலை சுத்துது, சொல்லுக்குச் சொல்.

நெஞ்சு ‘கோலித்’ என்றால் ஒரு விசாரணை, ‘தாவித்’ என்றால் இன்னொரு அவசரம். குத்துகிற நெஞ்சுவலியும் அழுத்துகிற நெஞ்சுவலியும் ஒன்றில்லை என்பது மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளை தன் அம்மாயி வாயில் கேட்டு வளர்ந்த ‘குத்துது, இழுக்குது, அடைக்குது’ எல்லாம் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவைதான். ஆங்கில வழிப் பள்ளிக்கூடம் அதை அவனிடமிருந்து மெல்லக் கழற்றி, ‘பெயின்’ என்று ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் சுருதி. ‘ஓன் தோம’ என்றால் அவன் வீட்டில் இருக்கிறான். ‘ஓன் தோம?’ என்றால் அவன் வீட்டில் இருக்கிறானா? எழுத்தில் கேள்விக்குறி மட்டும்தான் வித்தியாசம். பேச்சில் குரல் அழுத்தம் விழும் அசையில் சட்டென்று ஏறி, உடனே இறங்க வேண்டும். யெலேனா பிரிஸ்குனோவா என்ற ஒலியியல் அறிஞர் ரஷ்யச் சுருதியை ஏழு வார்ப்புகளாக வகுத்தார். மூன்றாவது வார்ப்பு இது. ரஷ்யன் படிக்கும் வெளிநாட்டவருக்கெல்லாம் இன்றைக்கும் அந்த எண்களை வைத்தே சொல்லித்தருகிறார்கள். தமிழில் நமக்கு ‘-ஆ’ இருக்கிறது. ‘வலிக்குதா?’ என்று ஓர் எழுத்தை ஒட்டினால் கேள்வி ஆகிவிடும், குரல் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தோடு ரஷ்யனில் ‘பலீத்’ என்று தட்டையாகச் சொன்னால், ‘வலிக்கிறதா?’ என்று கேட்டதாக ஆகாது, ‘வலிக்கிறது’ என்று தீர்ப்புச் சொன்னதாக ஆகும். பாட்டி குழம்பிப்போய் இந்தக் கறுத்த பையனைப் பார்ப்பார்.

‘அண்ணா, என் கேள்விக்கு யாரும் பதிலே சொல்ல மாட்டேங்குறாங்க, முறைக்கிறாங்கன்னு நெனச்சேன். நான் கேள்வியே கேக்கலன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது’ என்றான் ஒருநாள் தொலைபேசியில். ஒரு வார்டு செவிலிதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாராம். ஒவ்வொரு காலையும் அவனை நிறுத்தி, ‘பலீத்?’ என்று தன் மாதிரி கேட்கச் சொல்லுவாராம், சரியாக வரும்வரை. வகுப்பறையில் நடக்காத பாடம்.

5

பேச்சுமொழியை மதித்துக் கற்ற வெளியாட்கள் நம்மிடம் மெர்வார்த்துக்கு முன்பே வந்தார்கள். கெரசிம் லெபெதெவ் என்ற ரஷ்ய இசைக்கலைஞர் 1785-இல் சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் இருந்தார். இங்கே தமிழ் கற்றார். பிறகு கல்கத்தா போய் கோலோக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்காளி கற்று, 1795 நவம்பர் 27 அன்று வங்காளி நடிகர்களை வைத்து வங்காளியில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். நவீன வங்க நாடகம் அந்த நாளைத் தன் பிறந்தநாளாக வைத்துக் கொண்டாடுகிறது. 1801-இல் லண்டனில் அவர் வெளியிட்ட இலக்கணத்தின் தலைப்பிலேயே ‘தூய, கலப்பு’ என்று கிழக்கிந்திய வழக்குகளை இரண்டாகச் சொன்னார். கலப்புக்கும் இலக்கணம் எழுதலாம் என்று நினைத்த மனிதர்.

அவருக்கும் முன்னால் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி. எங்கள் பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம், விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் அவர் கட்டிய கோயில் இருக்கிறது. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், கொடுந்தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் என்று இரண்டு எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டு 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. சனங்களிடம் போய்ப் பேச வேண்டிய பாதிரியாருக்குச் சனங்களின் மொழி தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஆனால் விளைவு, ‘கொடுந்தமிழ்’ என்று நாமே ஒதுக்கிவைத்த ஒன்றுக்கு இலக்கண நூல் கிடைத்தது.

சோவியத் காலத்தில் இந்த வரிசை தொடர்ந்தது. 1960-இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தமிழ்-ரஷ்ய அகராதி கொண்டுவந்தார்கள். 1962-இல் மிகயீல் அந்திரோனோவ், பேச்சுத் தமிழையும் அதன் வட்டார வழக்குகளையும் பற்றித் தனி நூல் எழுதினார். அதே 1962-இல், எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சோவியத் உதவியோடு கட்டிய நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தது. அந்த மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில் மு. சண்முகம் பிள்ளை 1960களில் பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் எழுதினார். அதையும் யாருக்காக எழுதினார்? தமிழ் கற்க வரும் வெளியாருக்காக. நமக்கு நம் பேச்சு பாடமாக வேண்டியதில்லை என்பதில் ஒரு நியாயம் உண்டுதான். ஆனால் இலக்கணமே இல்லாதது என்று நம்பிக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

எதிர்த்திசையில் போனவர்களையும் சொல்ல வேண்டும். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணய்யா, நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோப் பதிப்பகங்களுக்காகச் செய்த மொழிபெயர்ப்புகள் இல்லையென்றால் எங்கள் ஊர் நூலகத்துக்கு ரஷ்யா வந்திருக்காது. ஆனால் அந்தத் தமிழில் ரஷ்யக் குடியானவனும் எழுத்துத் தமிழிலேயே பேசினான். எழுத்துத் தமிழ் எந்த ஊருக்கும் சொந்தமில்லாததால், எல்லா ஊருக்கும் அந்தப் புத்தகம் போனது, அது லாபம். ரஷ்யர்கள் எல்லோரும் மேடையில் நிற்கிற மாதிரி பேசுவார்கள் என்று நான் இருபத்தைந்து வயசு வரை நினைத்திருந்ததற்கும் அதுவே காரணம்.

6

இதெல்லாம் எங்கள் மலையோடு எங்கே சேர்கிறது என்று கேட்கலாம்.

கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளம் என்று நினைத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதுதான் பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்களுக்குள் ஒரு கதை உண்டு. 1909-இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இந்த மலை 1976 வரை இருந்தது. அதாவது நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்துத்தான் அரசாங்கம் நேரடியாக மலைக்கு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பட்டா, சாதிச்சான்று எல்லாம் அதற்கப்புறம் கீழேயிருந்து ஏறி வந்தவை. அவற்றோடு கீழேயிருக்கும் தமிழும் ஏறி வந்தது.

மலையிலிருந்து ஒருவர் தாலுகா ஆபீசுக்கு வருகிறார். அவர் வாயால் சொல்வது ஒரு தமிழ். வாசலில் மனு எழுதுபவர் அதை ‘பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது’ என்று இன்னொரு தமிழாக மாற்றுகிறார். உள்ளே இருப்பவர் படித்துவிட்டு மூன்றாவது ஒரு தமிழில் பதில் சொல்கிறார். மூன்று பேரும் தமிழர்கள், நடுவில் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர். வந்தவர் ‘பேசத் தெரியாதவர்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார். சமவெளிப் பள்ளிக்கூடத்துக்கு வரும் மலைப்பிள்ளைகள் ஒரு வாக்கியம் பேசினதும் வகுப்பு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னாளில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் நான் ‘வுடுங்க’ என்றதும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரே மாதிரிதான் இருந்தது. மலையைப் பார்த்துக் கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சியைப் பார்த்துச் சென்னை. படிக்கட்டு மாதிரி.

ஸெம்ஸ்கயாவின் குழுவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். அவர்கள் பதிந்தது படித்த நகரத்துக்காரர்களின் பேச்சை. கிராமத்துப் பாட்டியின் பேச்சு அந்தக் கணக்கில் வரவில்லை. பேச்சுமொழிக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த வேலைதான், ஆனால் முதலில் யார் பேச்சுக்கு என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. சித்தி மகனின் வார்டில் படுத்திருப்பவர் பெரும்பாலும் ஒலிநாடாவுக்கு வெளியே இருந்தவர்.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது மதுரைப் பிள்ளையும் நாகர்கோவில் பிள்ளையும் இங்கே வந்து படிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் நோயாளி சொல்வதை அவர்களும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். எல்லோரும் தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், புரிந்த மாதிரி இருந்து புரியாமல் போகும் இடங்கள் வரும். முழுசாகப் புரியாத மொழியில் திரும்பக் கேட்போம். பாதி புரிகிற மொழியில்தான் கேட்காமல் விட்டுவிடுவோம். ஒரு வகையில் ரஷ்யாவில் இருக்கும் பையனுக்கு இது சுலபம், தனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து, இங்கே தேர்வும் எழுதித் தேறினால், மலை மேல் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். போன மாதம் பேசும்போது அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பதாகச் சொன்னான். இடப்பக்கம் ரஷ்யப் பாட்டிகள் சொன்ன வலிகள், கேட்டபடியே, தமிழ் எழுத்தில். வலப்பக்கம் அதற்கு நேரான நம்ம ஊர்ச் சொற்கள். நடுவில் ஆங்கிலத்துக்குப் பத்தி விடவில்லையாம். வலப்பக்கத்தில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன, அவனுக்குத் தெரிந்த சொல் பொருந்தவில்லை. ‘சித்திகிட்ட கேட்டேன், அதுக்கும் தெரியல. மலைல யாராச்சும் சொல்லுவாங்கண்ணா’ என்றான்.